காற்றெடுத்தல்

பாலத்தில் ஒன்றும் தெரியாது.
கடலுக்கு மேல் நேராகப் போகிறவளுக்கு
ஸ்டீயரிங் எதற்கு?
பாலம் முடிந்து பாயான் லெப்பாஸுக்குத் திரும்பும் வளைவில்தான்
வீரா முக்கும்.
நானும் சேர்ந்து முக்குவேன்.

பகலில் கார் எனக்கு, இரவில் தம்பி சற்குணனுக்கு.
பாதிப் பாதி போட்டு வாங்கியது.
பதினோரு மாதமாகப் பேச்சில்லை.
காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம்.
சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கும்.
காலையில் இருக்கையை முன்னால் இழுப்பேன்,
மறுநாள் அது பின்னால் போயிருக்கும்.
அவனுக்குக் கால் நீளம் என்பது மட்டும்
எனக்கு அன்றாடம் வந்துசேரும் சேதி.

பிறையில், எங்கள் பிளாக்குக்குக் கீழே,
கார் நிற்கும் கட்டத்தில் சிவப்பாக ஒரு வட்டம்.
கோழியா அறுத்தீர்கள் என்றார் மக்சிக் ரொஸ்னா.

வாரம் ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன்.
மிச்சத்தைப் பின்பெட்டியின் இடது மூலையில்
துண்டுக்கு அடியில் ஒளித்தேன்.
தெரிந்தால், நீதான் உடைத்தாய் என்பான்.

ஸ்பேர் டயரைத் தூக்கிய அன்று
வலது மூலையில் இன்னொரு போத்தல்.
அதே சிவப்பு, அதே கடையின் விலைச்சீட்டு,
அவன் பழைய பனியனில் சுற்றி.
ஒரே ஓட்டைக்கு
இரண்டு பேர் தனித்தனியே தீனி போட்டிருக்கிறோம்.
மாதம் நூற்று நாற்பத்து நான்கு வெள்ளி, சிமெண்டுக்கு.

ஜெகதீசன் பட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.
ரெண்டு லைனும் போச்சுக்கா.
ஐந்நூற்று அறுபது, கூலி தனி.

மாக் மண்டினில் பேக்ஹோவுக்கு ஹோஸ் கட்டும் தியோ
கழற்றிக் கொண்டுபோன குழாயை முகர்ந்து பார்த்தார்.
இரும்பு நல்ல இரும்பு, ரப்பர்தான் செத்துப்போச்சு.
முனைகளை வைத்துக்கொண்டு நடுவை அறுத்தார்,
புது ஹோஸைச் செருகினார்,
அச்சில் வைத்து ஒரே அழுத்து.
எழுபது வெள்ளி.
மண் வாருற மிஷினே தாங்குது,
உன் வீரா என்ன மலையையா தூக்கப்போகுது லா?
திரும்பி வரும் லைனுக்கு அவ்வளவு கோபமில்லை:
எண்ணெய் தாங்கும் ரப்பர் ஒரு மீட்டர், பதினைந்து.
கிளிப் இரண்டு, செம்பு வாஷர் இரண்டு.
வாஷர் மட்டும் பழசைப் போடாதே என்று விரலாட்டினார்.
மொத்தம் தொண்ணூற்று மூன்று.

தொழிற்சாலையில் பத்து வருடம்
காற்றுக்குழாய் மாட்டிய கை இது.
ஞாயிறு மதியம் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தேன்.
ஒரு நட் மட்டும் ஒரு மணி நேரம்
அசையமாட்டேன் என்றது.
முழங்கைவரை சிவப்பு.
துடைத்த பிறகே தெரிந்தது, பாதி என்னுடையது.

எல்லாம் ஆயிற்று. காற்றுதான் உள்ளே.
அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும்:
ஸ்டீயரிங்கை முட்டும்வரை திருப்ப ஒருவர்,
எண்ணெய்ப் புட்டியைப் பார்த்து நிற்க ஒருவர்.
தனியாகவும் முயன்றேன்.
திருப்பிவிட்டு ஓடி வந்து குனிவதற்குள்
குமிழெல்லாம் அடங்கி
ஒன்றுமே இல்லாத முகம் காட்டும்.

ஏழாம் மாடியைப் பார்த்து ஹாரன் அடித்தேன்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

லிஃப்ட் கெட்டிருந்தது.
இறங்கி வந்தவன் காலில் மனைவியின் செருப்பு.
எதுவும் கேட்கவில்லை.
ஜாக்கில் தொங்கும் சக்கரங்களைப் பார்த்தான்,
உள்ளே உட்கார்ந்தான்,
இருக்கையைப் பின்னால் தள்ளாமல்,
முழங்கால் இடிக்க.

வலது, என்றேன்.
இடது.
வருதா?
வருது.
வலது. மெதுவா.
இப்போ?
சின்னதா ஒண்ணு ரெண்டு.
அதுவும் போகட்டும், என்று மறுபடி திருப்பினான்.

அரைப் போத்தல் மிஞ்சியது.
பின்பெட்டியைத் திறந்துவிட்டு
எந்த மூலை என்று தெரியாமல் நின்றோம்.
நடுவில் வைத்தேன்.
நடுவுல வெச்சா உருளும், என்றான்.