இடது பக்கம் கசிகிறது

ஹார்லிங்கன் துறைமுகத்தில் இன்றும் மேல்காற்று.
பாய்மரங்களில் கயிறுகள் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

பதினாலு மாதமாக இது என் வேலை.
இரவு இரண்டு மணிக்கு வீபே கூப்பிடுவான்:
"இடது பக்கம் கசியுது."
முகமூடியின் பட்டையை ஒரு நூல் இழுப்பேன்.
மூக்கு அரித்தால் அதையும் சொறிந்துவிடுவேன்.
பாய் தைத்தவனுக்குக் காற்று கசிவது
பொறுக்காது.

போன வாரம் யில்டா வந்தாள்.
பழைய மேசைவிளக்கின் வளைகிற கழுத்தைக்
கட்டில் தலைமாட்டில் முடுக்கினாள்.
பல்பு இருந்த இடத்தில் முகமூடி.
பட்டை நுனிகளில் இரண்டு சாவி வளையங்கள்,
கட்டைவிரல் நுழையும் அளவுக்கு.
"கை மேலே ஏறாதா? சரி,
முகம் போகட்டும்" என்றாள்.

முதல் இரவு தாடையில் இடித்துக்கொண்டான்.
மறுநாள் முழுக்க சுத்தமான ஃப்ரீசிய வசவு.
மூன்றாம் இரவு என் கை தானாக நீண்டது.
"தொடாதே, ஹிஸ்கே."

இன்று
கன்று மடியை முட்டுவதுபோல்
தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி முட்டினான்.
காந்தம் 'டக்'கென்று பிடித்தது.
வளையத்தில் கட்டைவிரல், ஒரு இழுப்பு,
அப்புறம் இயந்திரத்தின் மூச்சு.

இப்போது மணி இரண்டு.
யாரும் கூப்பிடவில்லை.
என் கைகள் மட்டும் விழித்துக்கொண்டு
போர்வைமேல் கிடக்கின்றன,
ஆலை மூடிய மறுநாள் ஆட்கள் மாதிரி.

இடது பக்கம் லேசாகக் கசிகிறது.
எனக்கே கேட்கிறதென்றால் அவனுக்குக் கேட்காதா?
பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

சாவி வளையம் கிணுங்குகிறது.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
வெளியே கயிறுகளின் சத்தம் மட்டும்.