நீ-17

நீடாமங்கலத்துக்கு ‘நீ’, மன்னார்குடிக்கு ‘ம’.
படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
அதனால் அமிர்தகடேசன்
அன்று காலை நீ-17 ஆனார்.
“என்னம்மா, மரியாதை இல்லாம நீங்குற?”
சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் விழுந்தது.
இருமலுக்குத் தனிக் கேள்வி இருந்தது,
இருபத்திரண்டாவது.

தீயணைப்பு வண்டியின் நிழலில்
மேசை போட்டுக் குழாயை மாட்டினேன்.
மூச்சை இழுங்க
நிறுத்துங்க
ஊதுங்க ஊதுங்க ஊதுங்க இன்னும் இன்னும்
ஆறு வினாடி போதும்.
நாலாவதில் கோடு படுத்துவிட்டது.

புகை பிடிப்பீர்களா?
நான் பிடிச்சதில்ல.
அதுதான் என்னப் பிடிக்கும்.
எத்தனை ஆண்டுகளாக?
இருபத்தாறு.
‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்,
வேறு கட்டம் கிடையாது.

வைக்கோல் போர் கணக்கில் வராதாம்.
கூரைகளை எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று.
தேங்காய்நார் ஆலை மூன்று நாள் கனன்றது,
கொள்முதல் நிலையத்தில் சாக்குக் கட்டு.
மெத்தைக் கடையைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தாழ்த்தினார்:
“அது இனிப்பா இருக்கும்மா,
தொண்டைக்குள்ள.”

பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார்.
ரயில்வே கேட்ல நிக்கிறத
எதுல எழுதுவீங்க?
கூட்ஸ் இஞ்சினைக் கழற்றி
மறுமுனையில் மாட்டி முடியும்வரை
வண்டி உறுமிக்கொண்டே நிற்குமாம்,
மேற்கே புகை எழுவது தெரியுமாம்,
உள்ளே ஏழு பேருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம்.
“எரியிறதுக்குள்ள போனா பயமில்ல.
இங்க நின்னு பாக்கறதுதான்.”

மதியம் மன்னார்குடி.
ஏட்டு பக்கிரிசாமி, ம-4,
குழாயைக் கையில் வாங்கித்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பாமணியாற்றுப் பாலத்தடியில்
பதினெட்டு வருடம் அவர் சொன்ன சொல்
இப்போது என் வாயில்.
ஊதுங்க சார்.
“தப்பா வந்தா நான் யார்ட்ட ஃபைன் கட்டணும்?”
இரத்த அழுத்தம் நூற்று எழுபது.
தூக்கம்?
திருவிழா முடிஞ்சா தூங்குவேன் என்றார்.
எந்தத் திருவிழா என்று படிவம் கேட்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு வந்தபோது
சம்பா அறுப்பு முடிந்து
வயலெல்லாம் தாள்.
நீ-17 வரவில்லை.
வராதவர்களுக்கு ஒரு குறியீடு உண்டு:
‘தொடர்பில் இல்லை’.
காலனை உதைத்த சாமியின் பெயர் அவருக்கு.
ஆவணியில் போனாராம்,
மூச்சுக்குழாயில் கட்டி.

மலர்க்கொடி கதவைப் பாதி திறந்து
என் அடையாள அட்டையைப் படித்தாள்.
உள்ளே போய் ஒரு கோட்டைக் கொண்டுவந்து
தரையில் போட்டாள்.
“கறுத்தாதான் மதிப்பும்பாரு. தொவைக்க விடமாட்டாரு.
இதப் போட்டுக்கிட்டேதான் பைக்குல வருவாரு,
சின்னவன் ஓடிப்போயி கட்டிக்குவான்,
அவன் கன்னத்துல மை அப்பியிருக்கும்.
ஒருநாள் தெரியாம வாய்க்காலுக்கு எடுத்துட்டுப் போனேன்.
மூணு அலசுக்கும் கறுப்பாவே போச்சு.
அன்னைக்கு என் கையில வந்த அரிப்பு இது.”
கையை நீட்டினாள்.
“நான் எந்தக் கட்டத்துல வருவேன்?”

படிவத்தைப் புரட்டினேன். பதினான்கு பக்கம்.
பின்னட்டையின் வெற்றிடத்தில்
நீ-17அ என்று எழுதினேன்.
தஞ்சாவூரில் இதை யாராவது அடித்துவிடுவார்கள்.
அடிக்க முடியாதபடி
பேனாவை அழுத்தித்தான் எழுதினேன்.

திரும்பும்போது கேட் அடைத்திருந்தது.
மடியில் ஐஸ் பெட்டி,
முப்பத்தோரு பேரின் இரத்தம்,
ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகிறது.
ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தவில்லை.
பின்னால் சைரன்.
பேருந்துகள் ஒதுங்க இடமில்லை,
ஒதுங்கினாலும் போக வழியில்லை.
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்:
சிவப்பு வண்டியின் ஓரத்தில்
புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன்
கேட்டைப் பார்க்காமல் புகையையே பார்த்துக்கொண்டு.
அவன் கோட்டு
இன்னும் மஞ்சளாக இருந்தது.