ஒரு டாலர்

மூன்றாம் மாடியில் எங்கள் நிதிநிலை அலுவலகம்.
ஜூனோவுக்குச் சாலை வழி கிடையாது.
வருவது எதுவானாலும் கடலில் வரவேண்டும்,
இல்லையென்றால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு.
கோரிக்கைகள் மட்டும்
அக்டோபர் மழையோடு தவறாமல் வந்து சேர்ந்துவிடும்.

சிறைத்துறைக்குக் கொதிகலன்.
மீன்வளத்துறைக்கு, ஆற்றில் சால்மன் எண்ண
இரண்டு ஆட்கள், ஒரு படகு.
நெடுஞ்சாலைக்கு உப்பு. மேலும் உப்பு.
எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் கேட்பார்கள்,
நாங்கள் வெட்டுவோம் என்று தெரியும்.
கூட்டியிருப்பார்கள் என்று எங்களுக்கும் தெரியும்.
இந்த இரண்டு தெரிதலுக்கும் நடுவே எங்கேயோ
உண்மைச் செலவு ஒளிந்திருக்கிறது.

நவம்பர் கடைசியில்
வருவாய்த்துறையிலிருந்து ஓர்வில் ஸ்ட்ராண்ட்
படியேறி வந்தார், கையில் காகிதம்கூட இல்லை.
"பீப்பாய்க்கு ஒன்பது டாலர் இறங்கும்" என்றார்.
எந்தப் பாலைவனத்திலோ யாரோ குழாயைத் திறந்துவிட
இங்கே எங்களுக்குத் துண்டு விழுந்தது.
காபி ஆறியது. யாரும் தொடவில்லை.

முதலில் காலியிடங்களில் கை வைத்தோம்.
ஆளில்லாத நாற்காலியின் சம்பளத்தை எடுத்தால்
யாருக்கும் வலிக்காது என்பது
இங்கே பழைய நம்பிக்கை.
அந்த நாற்காலிகளில் ஒன்று
என் மேசைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.
இரண்டு வருடமாக அதன் வேலையையும் நானே பார்க்கிறேன்.
அதையும் நானே வெட்டினேன்.

பிறகு, எக்செல் தாளில்
நானூற்றுப் பதினேழாவது வரி:
ஹெரன் துறைக்குக் குளிர்காலப் படகு,
மாதம் இரண்டு நடை, ஆறு மாதம்,
மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம்.
பயணிகள் சராசரி பதினொன்று.
அதுவும் ஒரு துறைதான்,
கோரிக்கை அனுப்பத் தெரியாத துறை.

பதினொன்று என்ற எண்ணை
வகுக்கத் தெரிந்தவர்கள் கையில் கொடுக்கக்கூடாது.

அங்கிருந்து ரொவீனா டெமர்ட் போன் செய்தார்,
பள்ளிச் சமையற்காரர்.
திட்டப்போகிறார் என்று பேனாவை மூடிவைத்தேன்.
"அடுத்த குளிருக்குப் பல் டாக்டர் வருவாரா?
பால் பவுடர் எத்தனை மூட்டை வாங்கிவைக்க?"
இரண்டுக்கும் என் படிவத்தில் கட்டம் இல்லை.
நிலுவையில் இருக்கிறது என்றேன்.
"நிலுவை என்றால் எத்தனை மூட்டை?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கடலில் போடுவதற்கு
எந்தப் படியை எடுப்பது?

இயக்குநர் மார்னி க்வாம்
பென்சிலால் அந்த வரியை அடிக்கத் தொடங்கி
பாதிக் கோட்டில் நிறுத்தினார்.
"வரியை எடுத்தால் தலைப்பே போய்விடும்.
நாளைக்குப் பணம் வந்தாலும் போட இடம் இருக்காது.
ஒரு டாலர் போட்டு வை."

போட்டேன்.
ஒரு டாலருக்குக்
கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்க மாட்டார்கள்.
ஆனாலும் நூற்று நாற்பது பக்க மசோதாவில்
ஹெரன் துறை என்ற பெயர்
குழுவைத் தாண்டியது, அவையைத் தாண்டியது,
ஆளுநரின் சிவப்புப் பேனாவுக்கு அடியில்
தலையைக் குனிந்து தாண்டியது.
ஒரு டாலரை வெட்ட அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

அடுத்த குளிரில் பனி குறைவு.
வாங்காத உப்பின் பணம்
துணை மசோதாவில் நகர்ந்து
அந்த வரியில் வந்து உட்கார்ந்தது:
ஐம்பத்து மூவாயிரம். இரண்டு நடை.

பல் டாக்டர் அதில் போனாரா, தெரியாது.
எண்ணிக்கை மட்டும் என் மேசைக்கு வந்தது:
போன முறை ஒன்பது, இந்த முறை பதினான்கு.
ரொவீனாவுக்கு நான் கடைசிவரை
மூட்டைக் கணக்குச் சொல்லவில்லை.

அந்த ஒரு டாலர் செலவாகவே இல்லை.
ஜூன் முப்பது நள்ளிரவில்
சட்டப்படி கருவூலத்துக்குத் திரும்பிவிட்டது.
அதற்கும் ஒரு படிவம் இருந்தது.
மூன்று பிரதி.