நாற்பத்தொன்றாம் எண் கட்டை

ஏழாயிரத்து நானூறு யூரோ.
மொய்லானன் அதை வாயால் சொல்லவில்லை.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி
மேசையில் என் பக்கம் தள்ளினார்,
மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் தள்ளுவதுபோல.

அதற்குமுன் ஒரு மணி நேரம் என்னை அளந்தார்.
திருகாணிகள் வைத்த மாதிரிக் கட்டையைக் கையில் கொடுத்து
"கண்ணை மூடுங்கள். தோளுக்குத் தூக்குங்கள். இப்போது திறங்கள்."
கழுத்து, கன்ன எலும்பு, கட்டைவிரல்,
கூஹ்மோ மர ஆலையில் ஒடிந்து
கோணலாய்க் கூடிய வலது காறை எலும்பு.
கல்யாணத்துக்குக்கூட
கடையில் தொங்கிய கோட்டில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டவன் நான்.
ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக
ஒருவர் என் கோணலைக் குறித்துக்கொண்டார்,
மில்லிமீட்டரில்.

பிறகு, சுவரோரம் அடுக்கியிருந்த வால்நட் பலகைகள்.
நாற்பத்தொன்றாம் எண்ணில் எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
கரும்பழுப்பில் ஓர் ஆறு எழுந்து வந்தது,
இரண்டாய்ப் பிரிந்து, மறுபடி சேர்ந்து.
அதைப் பார்த்திருக்கக் கூடாது.

வீட்டில் சிர்க்கா கணக்குப் போட்டாள்,
கோபமில்லாமல். அதுதான் சிரமம்.
வருஷத்துக்கு எத்தனை குண்டு சுடுகிறாய்?
பயிற்சி மைதானத்தை விடு. காட்டில்.
இரண்டு. சில வருஷம் ஒன்று. போன வருஷம் ஒன்றுமில்லை.
இன்னும் பதினைந்து வருஷம் நடப்பாய் என்று வைத்துக்கொள்வோம்
(இங்கே அவள் பென்சில் ஒரு கணம் நின்றது),
இருபத்திரண்டு குண்டு. ஒன்றுக்கு முந்நூற்று முப்பத்தாறு யூரோ.
குழுவில் பங்கு பிரித்தால் நமக்கு வருவது நாற்பது கிலோ இறைச்சி.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
அதே காசில் ஹீட் பம்ப் வரும்.
ஜனவரியிலும் பின்னறையில் செருப்பில்லாமல் நடக்கலாம்.

நான் ஆற்றைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்டோபர், இரண்டாம் சனிக்கிழமை.
சதுப்போரம் என் இடம்.
ஹில்லாவின் குரைப்பு கிழக்கிலிருந்து நெருங்கியது.
மூஸ் கன்று. எழுபது மீட்டர்.
பாடப்புத்தகப் படம் மாதிரி பக்கவாட்டில் நின்றது.
பழைய ரைஃபிளைத் தூக்கினேன்.
கட்டை எப்போதும்போல எலும்பின் முடிச்சில் போய் உட்கார,
வரப்போகும் இடிக்கு உடம்பு முன்பே சுருங்கியது.
விரல் அவசரப்பட்டது.
குண்டு பின்தள்ளிப் பட்டது. குடலில்.

நான்கு மணி நேரம்.
புளூபெரி இலையில் ஒரு துளி, பிறகு நூறு மீட்டர் வெறும் பாசி.
ஹில்லா வாரை இழுத்த இழுப்பில் உள்ளங்கை எரிந்தது.
ஓடையருகே படுத்திருந்தது. எழப் பார்த்தது.
இரண்டாம் குண்டில் தோள் வலிக்கவில்லை,
அல்லது வலித்தது, எனக்குத் தெரியவில்லை.

அந்த நான்கு மணி நேரத்தை
சிர்க்காவின் தாளில் எந்த வரிசையில் எழுத?
மொய்லானனின் அட்டையில் எழுதினால்
ஏழாயிரத்து நானூறு மலிவு.
ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையும்
எனக்குத் தெரியும்.
விரலின் அவசரத்தை அளக்க
அவரிடம் திருகாணி இல்லை.

ஞாயிறு மாலை கராஜில்
பழைய கட்டையின் அடியில் பதினெட்டு மில்லிமீட்டர் அறுத்தேன்.
கைரம்பம். பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு ரப்பர் மெத்தை.
வெட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
தோளில் வைத்தேன்.
முடிச்சைத் தொடாமல் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது.
முழுக்கச் சரியில்லை. அடுத்த சனிக்கிழமைக்குப் போதும்.
சிர்க்கா கதவில் நின்று பார்த்தாள்.
மரத்தூளைப் பெருக்கிவிடச் சொன்னாள்.

புதன்கிழமை மொய்லானன் அழைத்தார்.
பின்னால் யாரோ அரம் தேய்க்கும் சத்தம்.
"முன்பணம் வந்தால் பலகையை அறுக்க ஆரம்பிப்பேன்."
வேண்டாம் என்றேன்.
சரி என்றார். வருத்தமும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை.
பின்னறைத் தரை காலில் சில்லிட்டது.
"நாற்பத்தொன்றை மட்டும்," என்றேன்
கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி,
"வசந்தம் வரைக்கும் யாருக்கும் காட்டாதீர்கள்."