தொண்ணூறு நாள்

டுலூத்தில் பனி உருகத் தொடங்கிய வாரம்
வங்கிக்குப் போனோம், நானும் வெண்டெலும்.
வீடு எதையும் இன்னும் பார்க்கவில்லை.
முதலில் எங்களைப் பார்க்க வேண்டுமாம்.

இரண்டு வருடச் சம்பளச் சீட்டு,
கார்க் கடனில் பாக்கி,
அவன் மறந்தேபோன ஒரு பல் மருத்துவர் பில்.
"பிப்ரவரியில் வந்த இந்த ஆயிரத்து நானூறு டாலர்?"
பேனா நுனியால் தொட்டுக் கேட்டாள் ரோஸ்லின் ஹாகன்.
படகை விற்றது, என்றேன்.
அதை எழுதிக் கொடுங்கள், என்றாள்.

எழுதினேன்:
பதினான்கு அடி. அலுமினியம்.
வலப்பக்கம் ஒரு நசுங்கல்.
எப்படி நசுங்கியது என்று அவள் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.

வியாழக்கிழமை வந்தது
கடனுக்கான முன் அனுமதிக் கடிதம்.
ஒரு தொகை. தொண்ணூறு நாள் கெடு.
வெண்டெல் படித்துவிட்டு
கைபேசியில் சேர்த்துவைத்திருந்த வீடுகளை
ஒவ்வொன்றாக அழித்தான்.
ஏரி தெரியும் வீட்டில் மட்டும்
கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது.

சனிக்கிழமை,
ரயில் பாதையோரம் ஒரு மஞ்சள் வீடு.
நிலவறையில் ஈர வாடை.
தரகர் கேட்குமுன்னே கடிதத்தை நீட்டினேன்.
வெண்டெலைக் காணோம்.
கராஜுக்குள் போய்
அடிமேல் அடிவைத்து
எண்ணிக்கொண்டிருக்கிறான்.
பன்னிரண்டு, பதின்மூன்று.
சுவர்.