ஒன்றரை இம்மி

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி.
உத்திராடத்துக்கு முந்தைய இரவு, மணி இரண்டே முக்கால்.
பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த டேங்கர்
பன்னிரண்டாயிரம் கிலோவைச் சுமந்தபடி
கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நிற்கிறது.
அதிலிருந்து நான் எடுத்தது
நூறு மைக்ரோலிட்டர்.
கண்ணுக்கு மருந்து விட்டால்
இரண்டு சொட்டு.

பட்டையில் கோடு ஏறும்வரை
வேலையில்லை.

கிலோ, லாரிக்காரர் பாஷை.
மில்லியை மருந்துக்கடையும் தெரியும், சாராயக்கடையும் தெரியும்.
மைக்ரோவை மட்டும்
யாரும் வீட்டுக்குள் அழைத்ததில்லை.
போன வாரம் தூக்கக் கலக்கத்தில்
என் குறிப்பேட்டில் மை.கி.யை மி.கி. என்று எழுதிவிட்டேன்.
ஒரு கொம்பு இடம் மாறியதில்
நஞ்சு ஆயிரம் மடங்கு.
விடிந்ததும் பார்த்து
அடித்து எழுதிய இடத்தில்
தாள் கிழிந்திருக்கிறது இன்னும்.

"இம்மியும் கலப்படம் இல்லீங்க"
ஆறுச்சாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்.
மூன்றாம் தடவை.

திரையில் 0.7.
கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்வரைதான் அனுமதி.
எங்கோ ஒரு கொட்டகையில்
ஓடு ஒழுகி நனைந்த கடலைப் புண்ணாக்கு,
அதன்மேல் பூத்த பூஞ்சை,
அதைத் தின்ற மாடு.
யாரும் எதையும் கலக்கவில்லை.
அதுவும் உண்மைதான்.

இம்மி என்பது பழைய கணக்கில்
இருபத்தொரு லட்சத்து ஐம்பதாயிரத்து நானூறில் ஒரு பங்கு.
ஏறக்குறைய அரை மைக்ரோ.
கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்:
கிராமைப் பங்கு போட்டால்
கிலோவுக்கு ஒன்றரை இம்மி இருக்கிறது, ஆறுச்சாமி.
சொல்லவில்லை.

"மொத்த வண்டிக்கும் எவ்வளவுதாங்க?"
எட்டு புள்ளி நாலு மில்லிகிராம்.
"அப்படீன்னா?"
நாலு கடுகு எடை.
சிரித்துவிட்டார்.
"அந்த நாலு கடுகைப் பொறுக்கிப் போட்டுட்டா
விட்டுருவீங்களா?"

பிறகு சிரிக்காமல் போய்
வால்வைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து
என் கண்ணெதிரே
ஒரே மூச்சில் குடித்தார்.
"எனக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க."

நூற்று நாற்பது நானோகிராம் ஆச்சு.
ஒன்றும் ஆகவில்லை.
ஆகாது, இன்றைக்கு.
தினமும் இரண்டு வேளை
பத்து வருஷம் குடிக்கிற பிள்ளைக்கு
எந்த முன்னொட்டில் கணக்கு வைப்பது என்று
இந்தக் கருவிக்கும் தெரியாது.

திருப்பி அனுப்பும் படிவத்தில்
கையெழுத்துப் போட்டேன்.
மைக்ரோ என்ற சொல்லை
இம்முறை முழுசாக எழுதினேன்.

டேங்கர் பின்னோக்கி நகர்ந்து
கோபாலபுரம் பக்கம் திரும்பும்போது
டிரைவர் மீசையில்
வெள்ளையாய் ஒரு கோடு.
அவர் துடைக்கவில்லை.

எனக்குக் கட்டன் சாயா போதும் என்றேன்
கடைக்காரரிடம்.
"சர்க்கரை எத்ர?" என்றார்.
கொஞ்சம்.