விலை சொல்லும் குரல்

புந்தா அரேனாஸில் அக்டோபர் பிறந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் போனேன்,
நகராட்சி தந்த பன்னிரண்டு கேள்விகளோடு
யஸ்னா பெட்ரிசிச்சின் கடைக்கு.

கடை என்றால்
ஒரு தையல் இயந்திரம், ஒரு குறடு,
பல் போன ஜிப்கள் நிறைந்த பிஸ்கட் டப்பாக்கள்,
கதவோரம் தூங்கும் யாருடையதோ ஒரு நாய்.
மலையேறிகளின் கூடாரம்,
நண்டுப் படகுக்காரர்களின் கோட்டு, பள்ளிக்கூடப் பை:
வாய் மூட மறுக்கும் எல்லாம்
அவளிடம் வந்து சேரும்.

உங்கள் வாடிக்கையாளர் யார்?
"குளிர்கிறவர்கள்" என்றாள்.
படிவத்தில் வயது, பாலினம், மாத வருமானம்
என்று மூன்று கட்டங்கள்.
மூன்றையும் காலியாக விட்டேன்.

பெயர்ப்பலகை இல்லாமல் எப்படி என்று
ஒரு மாதம் நச்சரித்தேன்.
எண்பதாயிரம் பேசோவுக்கு மஞ்சளில் ஒன்று செய்தாள்.
மூன்றாம் நாள் அது ஜலசந்திப் பக்கம் பறந்துபோனதை
பேருந்தில் இருந்து நானே பார்த்தேன்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதெல்லாம்
காற்று எப்போதாவது வரும் ஊருக்கு.
இங்கே அது ஓயும் ஐந்து நிமிடம் பார்த்துத்தான்
எதையும் செய்ய வேண்டும்.

பலகைக்காக அவள் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூலையில் உட்கார்ந்து எண்ணினேன்.
வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஏழு பேருக்கு
மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து
ஜிப்பின்மேல் இரண்டு தேய் தேய்த்து,
இழுத்துக் காட்டி அனுப்பிவிட்டாள்.
காசு இல்லை. போணியே மதியம்தான்.
இதற்கும் வாங்குங்கள் என்றேன்.
"மெழுகுக்குக் காசு கேட்டால்
நாளைக்கு மெழுகை அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.
ஜிப் அறுந்தால் யார் முகம் நினைவுக்கு வரும்?"
இன்னமும் இதில் எனக்கு முழுச் சம்மதமில்லை.

ஆனால் வேறொன்றைப் பார்த்தேன்.
எதைக் கேட்டாலும் கணீரென்று பதில் சொல்கிறவள்,
"எவ்வளவு?" என்றதும் குரல் இறங்கிவிடுகிறாள்.
பார்வை நாயிடம் போகிறது.
"நாலாயிரம்... சரி, மூவாயிரத்து ஐநூறு."
எதிரே நின்ற பெண் பேரம் பேசவே இல்லை.
பணப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அந்த அரை நொடியில்
அவளுக்காக இவளே பேசி, இவளே தோற்றாள்.

எனக்கு அது தெரியும்.
இதே ஊரில், சிரிக்காதீர்கள்,
ஐஸ்கிரீம் கடை வைத்தவன் நான்.
பாலுக்கும் வாடகைக்கும் கீழே விலை போட்டு
நல்லவன் என்று பெயர் வாங்கினேன்.
அந்தப் பெயரை வங்கி அடமானம் பிடிக்கவில்லை.

படிவத்தை மூடி வைத்துவிட்டு
என்னையே வாடிக்கையாளராக நிற்கவைத்தேன்.
விலையைச் சொல்லுங்கள், அத்தோடு நிறுத்துங்கள்.
"ஆறாயிரம். ஆனால்..."
ஆனால் கிடையாது.
"ஆறாயிரம். உங்களுக்கென்றால்..."
அதுவும் கிடையாது.
"ஆறாயிரம்" என்றாள்.
கதவு மட்டும் தடதடத்தது.

மறுநாள் வந்தவர் எலியாசர் ஓயார்சுன்,
ஆரஞ்சு நிறக் கோட்டு, மீன் வாடை,
கழுத்துவரை பிய்ந்த ஜிப்.
"ஆறாயிரம்."
மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்,
வெளியே சனங்கள் கயிற்றைப் பிடித்திருப்பதுபோல.
அவர் கோட்டின் பைகளைக் காலி செய்தார்:
ஒரு தீப்பெட்டி, ஒரு திருகாணி, பாதி ரொட்டி.
"வியாழன் கிடைக்குமா? வெள்ளி கடலுக்குப் போகணும்."
அவ்வளவுதான்.

அந்த மாதம் ஒரே ஒருத்தர் நின்றுபோனார்,
அவளுடைய கொழுந்தன்.
அவர் எப்போதும் கடன்தான்.

பன்னிரண்டாம் கேள்வி:
ஆலோசனையால் பயன் உண்டா?
பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.
"பலகையையும் சேர்த்தா?"

கிளம்பும்போது என் ஜாக்கெட் பாதியில் மாட்டிக்கொண்டது.
மெழுகு தேய்த்தும் நகரவில்லை.
"மாற்றணும். ஆறாயிரம்."
இந்த முறை நாயைப் பார்க்கவில்லை.
பழகியவன் என்று ஏதோ சொல்ல
என் வாய்தான் திறந்து,
திரும்ப மூடியது.